இந்த இடம் வேண்டாம் என்று கையெழுத்திட்ட பிறகு

எங்கள் தெருவுக்குப் பின்னால், ஊர்க் குப்பையை மக்கவைத்து உரமாக்கும் உரக்கூடம் வரப்போகிறது என்று தெரிந்த ராத்திரியே மனு எழுத உட்கார்ந்தவன் நான். கணக்குத் தணிக்கை வேலையில் காலம் தள்ளியவன் என்பதால் ஆட்சேபம் எழுதுவது கைவந்த கலை. நாற்றம், ஈ, நிலத்தடி நீர், லாரி, வீட்டு மதிப்பு என்று அடுக்கினேன். நான்கே நாளில் முந்நூற்றுச் சொச்சம் கையெழுத்து சேர்ந்தது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் பேசி முடித்தபோது கைதட்டல்கூட விழுந்தது. திட்டம் நின்றுபோனது. குப்பை நிற்குமா?

ஏழெட்டு மாதம் கழித்து வேறு வேலையாக ஊரின் மறுகோடிக்குப் போனபோது பார்த்தேன். மழைநீர் ஓடையை ஒட்டிய பள்ளத்தில் லாரி லாரியாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் வரவிருந்த கூடத்துக்குக் கூரை, கான்கிரீட் தளம், குப்பையிலிருந்து வடியும் கசிவுநீருக்குத் தொட்டி எல்லாம் வரைபடத்திலாவது இருந்தன. இங்கே வரைபடமே கிடையாது. ‘தற்காலிக ஏற்பாடு’ என்ற பெயரில் தொடங்கியதால் யாரும் அனுமதியும் கேட்கவில்லை, யாரும் கருத்தும் கேட்கவில்லை. பள்ளத்தின் மேட்டில் வீடுகள். குடத்தோடு நின்றிருந்த ஒரு வயதான அம்மா, நான் யாரென்று தெரியாமலே, "அந்தப் பக்கத்துக்காரங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம் தம்பி. எங்களுக்கு எழுதத் தெரியாதே" என்றார்.

அந்த அம்மாவிடம் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பது இப்போது நினைவில்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

இது உலகம் முழுக்க நடப்பதுதான் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. 1984-இல் கலிபோர்னியா மாநிலக் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கை, குப்பையை எரிக்கும் எரிஉலை வந்தால் குறைவாக எதிர்க்கக்கூடியவர்கள் யார் என்று வெளிப்படையாகவே பட்டியல் போட்டது: வருமானம் குறைந்தவர்கள், படிப்பு குறைந்தவர்கள், வயதானவர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1982-இல், வட கரோலினாவின் வாரன் கவுண்டியில் பி.சி.பி. நச்சு கலந்த மண்ணைப் புதைக்க வந்த லாரிகளுக்கு முன்னால் மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் கைதானார்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் பட்டியல் போடவில்லை. என் மனுவே அந்த வேலையைச் செய்துவிட்டது.

அடுத்த வருடம் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் திருத்தக் குழு அமைத்தார்கள். குடியிருப்போர் பிரதிநிதியாக நானே கேட்டுப் போய் உட்கார்ந்தேன். பரிகாரம் என்று சொன்னால் மிகையாக இருக்கும். அந்தப் பள்ளம் மனதில் கிடந்து உறுத்தியது, அவ்வளவுதான்.

முதல் கூட்டத்தில் இளவயதுத் திட்ட அலுவலர் ஒருவர் கணினியில் வரைபடத்தை விரித்து, குப்பைக்கு இடம் தேடும்போது விலக்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சிவப்பில் பூசிக்கொண்டே போனார். பள்ளியிலிருந்து இத்தனை மீட்டர், கிணற்றிலிருந்து இத்தனை, ஓடையிலிருந்து இத்தனை, வெள்ளம் ஏறும் பகுதி, வீடுகள். ஒவ்வொரு முறை பூசும்போதும் உறுப்பினர்கள், "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றார்கள். அரை மணி நேரத்தில் மிஞ்சியது இரண்டே துண்டு. ஒன்று சுடுகாடு. மற்றது செங்குத்துப் பாறை. ‘பொருத்தமான நிலம் இல்லை’ என்று தீர்மானம் எழுதிவிட்டுக் கலைந்துவிடலாம் என்றார் ஒருவர். அப்படி எழுதினால் அடுத்த நாள் காலை லாரி எங்கே போகும்? அதே பள்ளத்துக்குத்தான். நிலம் ஒதுக்காத திட்டம் அந்தப் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்த திட்டம் என்று அன்று வாதாடினேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. விதிமுறை வரைவில் எல்லாவற்றுக்கும் ‘குப்பைக் கிடங்கு’ என்றே எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விலக்குத் தொலைவு. கிடங்கு என்றால் கிடக்கும் இடம். சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டிக்கு மாற்றி அனுப்பும் மாற்று நிலையத்தில் எதுவும் கிடக்கவே கூடாது. உலர்ந்த அட்டையும் பாட்டிலும் பிரிக்கும் கூடம் ஒரு சாதாரணத் தொழிற்கூடம் மாதிரிதான். அங்கே பயப்பட வேண்டியது தீக்கு, அதிலும் தூக்கியெறியப்பட்ட லித்தியம் பேட்டரி பற்றவைக்கும் தீக்கு. உரக்கூடத்தின் பிரச்சினை நாற்றமும், கிளறும்போது காற்றில் பறக்கும் பூஞ்சைத் துகள்களும். அதனால்தான் இங்கிலாந்தில் உரக்கூடத்திலிருந்து 250 மீட்டருக்குள் வீடோ வேலையிடமோ இருந்தால் அந்தத் துகள்களுக்கென்றே தனி ஆபத்து மதிப்பீடு கேட்கிறார்கள். குப்பையைப் புதைக்கும் புதைகுழிக்கு வேறு கவலைகள்: பறவைகள் கூட்டமாக வரும் என்பதால் பிரிட்டனில் விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வரை ஆலோசனை வட்டம் உண்டு, அடியில் கசியும் என்பதால் மண்ணின் தன்மை முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டுப் புதைகுழி நெறிமுறை, சாதாரணக் கழிவுக்கே குறைந்தது ஒரு மீட்டர் களிமண் தடுப்போ அதற்கு ஈடான பாதுகாப்போ கேட்கிறது. நீர் ஊடுருவும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தணிக்கைக்காரன் புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன்: மேலே தண்ணீர் தேங்கி அழுத்தாதவரை, வருடத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் உயர நீர்தான் உள்ளே இறங்கும். தேங்கவிட்டால் கணக்கு மாறும். அதனால் களிமண்ணோடு, கசிவுநீரை இறைத்து வெளியேற்றும் ஏற்பாடும் நிபந்தனையில் ஏறியது.

ஒரே சொல்லை இப்படி வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் எழுதியதும் வரைபடத்தில் சிவப்பு விலகியது. மாற்று நிலையத்துக்கும் தரம்பிரிப்புக் கூடத்துக்கும் ஏற்கெனவே தொழிற்பேட்டை வகைப்பாட்டில் இருந்த நிலம் பொருந்தியது. எங்கள் ஒன்றரை வருட வேலையில் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உங்கள் ஊர்த் திட்டத்திலும் முதலில் வரையறைப் பக்கத்தைப் புரட்டுங்கள். எல்லாம் ஒரே பெயரில் கிடந்தால், எதிர்ப்பவருக்கும் அதுவே ஆயுதம், எதை வேண்டுமானாலும் கட்ட நினைப்பவருக்கும் அதுவே ஆயுதம்.

அடுத்தது பரப்பளவு. உரக்கூடத்துக்கு வரைவில் 4,000 சதுர மீட்டர் என்று போட்டிருந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். அந்த மனை அவ்வளவுதான் என்றார்கள்! நாளுக்கு 30 டன் மக்கும் குப்பை வரும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. கன மீட்டருக்கு அரை டன் என்று வைத்தால் நாளுக்கு 60 கன மீட்டர். 60 நாள் கிடந்து மக்க வேண்டும். மக்க மக்கச் சுருங்கும் என்பதால் கால் பங்கைக் கழித்தாலும் எந்த நேரமும் 2,700 கன மீட்டர் தளத்தில் இருக்கும். மூன்று மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என முக்கோணக் குவியலாகப் போட்டால் மொத்தம் 1,200 மீட்டர் நீளம். குவியலுக்கு நடுவே கிளறும் இயந்திரம் போக மூன்று மீட்டர் விட்டால் குவியலுக்கு மட்டுமே 7,200 சதுர மீட்டர். இறக்கும் இடம், சலிக்கும் இடம், பக்குவப்படுத்தும் இடம், கசிவுநீர்த் தொட்டி, வண்டித் தடம் எல்லாம் சேர்த்தால் இன்னொரு மடங்கு.

4,000 சதுர மீட்டரில் இதைத் திணித்தால் என்ன ஆகும்? குவியலை உயர்த்துவார்கள். உயர்ந்த குவியலுக்குள் காற்றுப் போகாது. கிளற இயந்திரம் நுழைய வழி இருக்காது. சூடு ஒரே சீராக ஏறாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கழிவுநீர்ச் சேற்றை உரமாக்க 55 டிகிரியில் 15 நாள், அதற்குள் குறைந்தது ஐந்து முறை கிளறல் என்று வைத்திருக்கிறது. நெருக்கடியான தளத்தில் ஐந்தாவது கிளறல் ஏட்டில் மட்டும்தான் நடக்கும். காற்றில்லாமல் அழுகினால் நாற்றம் தானே வரும். என் பழைய மனுவில் நாற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன், பரப்பளவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ‘சிறியதாகக் கட்டுங்கள்’ என்றுகூட அதில் கேட்டிருந்தேன்.

பிறகு இயங்கிக்கொண்டிருந்த ஒரு கூடத்தைப் பார்க்கப் போனோம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனதால் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். குழுவில் ஒரு அம்மா, முன்பு செவிலியராக இருந்தவர், "சொல்லாம வர்ற அன்னிக்குத்தான் வார்டு எப்படி இருக்கும்னு தெரியும்" என்றார். இரண்டு வாரம் கழித்து மாலை ஏழு மணிக்கு மூன்று பேர் மட்டும் போனோம். தானாக மூடும் கதவு திறந்தே கிடந்தது. உணரி பழுதாகி மாதமாகிவிட்டதாம், வண்டி மோதிவிடும் என்று ஓட்டுநர்கள் கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். உள்ளே காற்றை உறிஞ்சி மரச்சில்லு வடிகட்டிக்கு அனுப்பும் விசிறி ஓடத்தான் செய்தது. கதவு திறந்திருந்தால் அது ஓடி என்ன பயன்? மரச்சில்லு காய்ந்து கிடந்தது வேறு. அதில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும்.

இன்னொன்றும் அங்கேதான் பிடிபட்டது. மக்கிக்கொண்டிருந்த குவியலைவிட மோசமாக நாறியது, இறக்கி இரண்டு நாளாகத் தொடாமல் விட்ட குப்பை. அங்கே வேலை செய்த ஒரு தொழிலாளியிடம் கேட்டேன். "எங்க மூக்கு செத்துப் போச்சு சார். நாத்தம் இருக்கான்னு எங்கள கேக்காதீங்க, அந்த வேலிக்கு அந்தாண்ட இருக்கறவங்கள கேளுங்க." கேட்டோம். பகலில் பரவாயில்லை, காற்றே இல்லாத ராத்திரியிலும் விடிகாலையிலும்தான் மூச்சு முட்டுகிறது என்றார்கள். எங்கள் ஆய்வறிக்கையோ பகல்நேரக் காற்றுத் திசையை மட்டும் வைத்து ‘வீடுகள் காற்றுக்கு எதிர்ப்புறம்’ என்று நிம்மதியாக முடித்திருந்தது. அசையாத குளிர்ந்த இரவுக் காற்று, தாழ்வான பக்கம் மெல்ல வழிந்து இறங்கும். நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தாழ்வான பக்கம் எது? வீடுகள் இருந்த பக்கம். நுழைவாயிலையும் இறக்கும் கூடத்தையும் எதிர்முனைக்கு மாற்றச் சொல்லி எழுதினோம். இறக்கிய குப்பை 24 மணி நேரத்துக்கு மேல் தொடப்படாமல் கிடக்கக் கூடாது, கதவு பழுதானால் சரியாகும்வரை குப்பை வரவு நிறுத்தப்பட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்த ராத்திரி நடையில் பிறந்தவை.

நாற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். ஆனால் அக்கம்பக்கத்தார் வைத்திருந்த புகார்க் குறிப்புகளில் அதிகம் இருந்தது வண்டிகள். குழுவில் பெரும்பாலோர் லாரியை எண்ணினார்கள். எங்கள் ஊரில் குப்பை வருவது லாரியில் இல்லை, முக்கால் டன் பிடிக்கும் சின்ன வண்டியில். நாளுக்கு 60 டன் என்றால் 80 வண்டி. போக வர 160 நடை. அதிலும் முக்கால்வாசி காலை இரண்டரை மணி நேரத்துக்குள் வந்து குவியும். அறுபது வண்டி, ஒரே எடைமேடை, உள்ளே வர இரண்டு நிமிடம், வெளியே போக இரண்டு நிமிடம் என்றால் நான்கு மணி நேரம் வேண்டும். மிச்ச ஒன்றரை மணி நேரம் அந்த வரிசை எங்கே நிற்கும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகும் சாலையில். இரண்டாவது எடைமேடை, வாயிலுக்கு உள்ளேயே வரிசை நிற்க இடம், பள்ளி தொடங்கும் நேரத்தில் வரவுக்குத் தடை என்று எழுதினோம். இதற்கு ஒரு பொறியாளர்கூடத் தேவைப்படவில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். வண்டியின் கொள்ளளவை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள், அதைத்தான் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

எரிஉலை விற்பவர்களும் வந்தார்கள். கோபன்ஹேகனின் அமாகர் பக்கே ஆலை, அதன் கூரைமேல் 2019-இல் திறந்த பனிச்சறுக்குச் சரிவு. வியன்னாவின் ஸ்பிட்டலாவ் ஆலை, 1987 தீவிபத்துக்குப் பிறகு ஓவியர் ஹுண்டர்ட்வாசர் வண்ணமாக மாற்றி அமைத்தது. படங்கள் கண்ணைப் பறித்தன. எங்கள் கேள்வி ஒன்றுதான்: எங்கள் குப்பை எரியுமா? உலக வங்கியின் பழைய வழிகாட்டி ஒன்று, ஆண்டுச் சராசரியாகக் கிலோவுக்கு 7 மெகாஜூல் வெப்பமாவது இருக்க வேண்டும், எந்தப் பருவத்திலும் 6-க்குக் கீழே போகக் கூடாது என்கிறது. பாதிக்குமேல் ஈரக் குப்பை இருக்கும் ஊரில் அது எட்டாது. எட்ட வைக்க அட்டையையும் பிளாஸ்டிக்கையும் உள்ளே போட வேண்டும். மறுசுழற்சிக்குப் போக வேண்டியதும் அதுதான். கட்டிவிட்டால் வயிற்றை நிரப்பியாக வேண்டும். கோபன்ஹேகன் ஆலையே கொள்ளளவை நிரப்ப வெளிநாட்டுக் குப்பையை வரவழைத்தது. ஒப்பந்த வரைவில் ‘இத்தனை டன் தராவிட்டாலும் கட்டணம் உண்டு’ என்ற வரியை நான் கண்டுபிடித்ததும் கூட்டம் சுருக்கமாக முடிந்தது. எரிப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1979-இல் டச்சு நாடாளுமன்றத்தில் அட் லான்சிங்க் முன்வைத்த, குப்பையை என்ன செய்வது என்பதை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திய ஏணியில் எரிப்பதற்கும் ஒரு படி இருக்கிறது, புதைப்பதற்கு மேலே, மறுசுழற்சிக்குக் கீழே. கீழ்ப்படியைக் கட்டும்போது மேல்படியை உடைத்து எடுக்கக் கூடாது.

புதைகுழி விஷயத்தில் குழுவுக்குள்ளேயே ஒரு மெத்தனம் இருந்தது. மூடிய குழி தூங்கும் குழி என்று நினைத்தார்கள். 1986-இல் இங்கிலாந்தின் லாஸ்கோ கிராமத்தில் குழியிலிருந்து மண்ணுக்கு அடியில் நகர்ந்த வாயு ஒரு வீட்டுக்குள் தேங்கி வெடித்து வீட்டைத் தரைமட்டமாக்கியது. வளிமண்டல அழுத்தம் சட்டென்று இறங்கிய நாள் அது. 2000 ஜூலையில் மணிலாவை அடுத்த பயாட்டாஸ் குப்பை மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த நாட்டின் திடக்கழிவுச் சட்டம் 2001 ஜனவரியில் வந்தது. 2005 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் லூவிகாஜா குப்பை மலை சரிந்தது, அங்கே கழிவுச் சட்டம் 2008-இல். இதைச் சொன்னபோது கூட்டத்தில் யாரும் எதிர்க்கேள்வி போடவில்லை. உயர வரம்பு, சரிவின் சாய்வு, மூடிய பிறகு 30 வருடப் பராமரிப்புக்கு முன்கூட்டியே ஈட்டுத்தொகை என்று மூன்றும் ஏறின. பள்ளத்தில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்குப் புதிய தரம்பிரிப்புக் கூடத்தில் முன்னுரிமை என்ற வரி மட்டும் இரண்டு முறை காணாமல் போய், இரண்டு முறையும் கேட்டு வாங்கிச் சேர்த்தோம்.

வரிகள் எப்படிக் காணாமல் போகின்றன என்பது தனிக் கதை. ‘இயன்றவரை’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப்போல ஒரு கள்ளச் சாவி கிடையாது. ‘கதவுகள் இயன்றவரை மூடியிருக்க வேண்டும்’ என்றால் மூட வேண்டியதில்லை என்று பொருள். மொத்த வரைவில் அந்தச் சொல்லும் அதன் உறவுக்காரர்களான ‘தேவைப்படின்’, ‘உரிய முறையில்’ ஆகியவையும் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ‘எவ்வளவு? யார் பார்ப்பது? பார்த்துவிட்டு என்ன செய்வது?’ என்று எழுதிக் கொடுத்தேன். முப்பது போயின. மீதி இருந்த இடங்களில்தான் பிற்பாடு தகராறு வந்தது.

கூடம் வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இல்லை, தொழிற்பேட்டை ஓரமாக, எங்களிடமிருந்து அப்போதைவிடக் கொஞ்சம்தான் தூரம். பள்ளத்தில் கொட்டுவது நின்றது. கிடந்ததைத் தோண்டிச் சலித்து எடுக்கும் வேலை இன்னும் நடக்கிறது. முதல் வருடத்தில் இரண்டு முறை நாற்றப் புகார் வந்து, இரண்டு முறையும் கதவு நிபந்தனையைக் காட்டி வரவை நிறுத்தினார்கள்.

எழுதும்போது எனக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு நிபந்தனை இப்போது முன்னால் வந்து நிற்கிறது. கூடத்தைச் சுற்றிய இடைவெளி இரண்டு பக்கமும் கட்டுப்படுத்த வேண்டும், கூடம் வீட்டை நோக்கி நகரக் கூடாது, வீடும் கூடத்தை நோக்கி நகரக் கூடாது என்று அந்த அலுவலர் பிடிவாதமாகச் சேர்த்திருந்தார். போன மாதம் அந்த இடைவெளிக்குள்ளேயே அடுக்குமாடி கட்ட ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. இன்று குடியேறுபவர்கள் நாளைக்கு மனு எழுதுவார்கள், முந்நூறு கையெழுத்தோடு, என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். கூடம் மூடப்படும், லாரி பள்ளத்தைத் தேடும். ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தொரு நாள் அவகாசம். நேற்று இரவு உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். இந்த முறை கையெழுத்து வாங்க மறுகோடியிலிருந்து தொடங்கப் போகிறேன். அந்த அம்மா எழுதத் தெரியாது என்றாரே, கைநாட்டு செல்லுமா என்று அலுவலரிடம் கேட்டேன். செல்லும் என்றார்.